பால் மறக்கடிக்கப் போனவள்

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக பஸ்ஸில் போகாதே என்று யசோதராவுக்குச் சொல்லாத ஆள் மட்டக்களப்பில் இல்லை. மாமியார் சொன்னார், அடுத்த வீட்டு ரீச்சர் சொன்னார், லீவு கிடைக்காத கணவன் வினோதன் கொழும்பிலிருந்து போனில் கத்தியே சொன்னான். அவள் கேட்கவில்லை. சொல் கேட்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே இல்லை. திருகோணமலை உப்புவெளியில் ஒரே ஒழுங்கையில் அவளோடு சைக்கிள் பழகி, அவளோடு விழுந்து, அவளோடு முழங்காலை உரித்துக்கொண்ட லக்சனாவுக்குக் கலியாணம். தாலி ஏறும்போது பக்கத்தில் நிற்பேன் என்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கொடுத்த வாக்கு. அப்பாவும் அம்மாவும் திருகோணமலை வீட்டை விற்றுவிட்டு மகளோடு வந்துவிட்டதால், அந்த ஊரில் அவளுக்கு இப்போது மிச்சம் இருப்பது லக்சனா ஒருத்திதான். ஏழு மாத யதுர்ஷனுக்குப் புதுச்சட்டை போட்டு, பால்மாவையும் போத்தலையும் துவாயையும் போனையும் ஒரே பையில் அமுக்கி, விடியக்காலையில் ஏறிவிட்டாள்.

வெருகலில் பஸ் பழுதாகி நின்றது. பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்கெனவே நிரம்பியிருந்தவர்களுக்கு மேல் இவர்களையும் ஏற்றினார்கள். காலை வைத்தால் எடுக்க இடமில்லை.

இந்தப் பக்கத்து பஸ்களில் ஒரு சட்டம் உண்டு. இருக்கிறவரின் மடி நிற்கிறவருக்குச் சொந்தம். பையோ, பலாப்பழமோ, பிள்ளையோ, எதையும் அதில் வைக்கலாம்; யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை. யசோதரா கம்பியைப் பிடித்துத் தள்ளாடியதைக் கண்டதும், கறுப்பு அபாயாவும் மண்நிறச் சால்வையும் போட்டிருந்த ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டினாள்.

"தாங்க புள்ளய. பையையும் தாங்க."

யதுர்ஷன் போனான். போனதோடு நில்லாமல் அவளுடைய சால்வையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கவும் செய்தான். யாரிடமும் போகாத பயல்.

அவள் பெயர் சுஹைரா. ஓட்டமாவடியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திருகோணமலைக்குத் திரும்புகிறாள்.

"மகளுக்குப் பால் மறக்கடிக்கணும், தங்கச்சி. ஒண்டே முக்கால் வயசு, இன்னும் விடுறாளில்ல. உம்மாக்காரி வீட்டில இருந்தாச் சரிவராது எண்டு மாமி என்னைத் துரத்திட்டா. ரெண்டு நாளா ராத்தா வீட்டில ஒளிச்சிருந்தன்." அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். "அவள் மறந்தாளோ தெரியா. எனக்குத்தான் நெஞ்செல்லாம் நோவு."

யசோதராவும் சிரித்தாள், ஆனால் உள்ளே ஒரு முள் குத்தியது. நாலாம் மாதமே அவளுக்குப் பால் வற்றிவிட்டது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஒருத்திக்கு மறக்கடிக்க வழி தேட வேண்டியிருக்கிறது, ஒருத்திக்கு இருந்த இடம் தெரியவில்லை. அந்தப் பேச்சை விட்டுவிட்டு லக்சனாவின் கதையைத் தொடங்கினாள். உப்புவெளியில் எந்த மண்டபம், மாப்பிள்ளை வேலை செய்வது எந்தக் கந்தோர், கூறைச்சீலை என்ன நிறம், எல்லாம் சொன்னாள். நின்ற களைப்புத் தெரியாமல் மூதூர் வந்தது.

"தேத்தண்ணி குடிக்கிறாக்கள் குடியுங்கோ, அஞ்சு நிமிசம்!" என்று கொண்டக்டர் கத்தினான்.

யதுர்ஷன் சிணுங்கத் தொடங்கியிருந்தான். யசோதரா பையிலிருந்து போத்தலையும் பால்மாவையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். "ராத்தா, சுடுதண்ணி வாங்கிக்கொண்டு ஓடி வாறன், பாத்துக்கொள்ளுங்கோ."

"போயிட்டு வாங்க. நான் இருக்கன்."

கடையில் தண்ணீர் கொதிக்கவில்லை. கொதிக்கும்வரை நின்றாள். அதற்குள் பின்னாலிருந்து இன்னொரு பஸ் ஹோனை அமுக்கிக்கொண்டு வந்தது. இந்த வழியில் ஒரு பஸ் இன்னொன்றைக் கண்டால் அடுத்த சந்தியின் ஆட்களுக்காகப் பேய் பிடித்த மாதிரி ஓடும். விசில் கேட்டது. யசோதரா போத்தலைக் குலுக்கிக்கொண்டே வெளியே வந்தாள்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. தான்தான் பிழையான பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்து வலமும் இடமும் பார்த்தாள். பிறகு விளங்கியது. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கடைக்காரர்தான் ஓடிவந்து உலுப்பி, "என்ன புள்ள, என்ன?" என்று கேட்டார்.

"பிள்ளை," என்றாள். "பிள்ளை பஸ்ஸில."

றிஸ்வி என்பவரின் ஓட்டோவில் அவளை ஏற்றிவிட்டார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். வாடகை பேசவில்லை, எங்கே என்று கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் ஓட்டினார். வெருகலிலேயே சார்ஜ் இறங்கிச் செத்துப்போன அவளுடைய போன் பையோடு போய்விட்டது. தன் போனைப் பின்னால் நீட்டி, "வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க மகள்" என்றார். அவளுக்கு மனப்பாடமாக இருந்தது வினோதனின் நம்பர் ஒன்றுதான்.

"வினோ, பிள்ளையைக் காணேல்லை. ஒரு முஸ்லிம் பொம்பிளை தூக்கிக்கொண்டு போயிட்டாள்."

இதைத்தான் சொன்னாள். நான் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. பஸ் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று சொல்லவில்லை. அந்த வசனத்தில் 'முஸ்லிம்' என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அது தானாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அரைமணி நேரத்துக்கு முன் ராத்தா, ராத்தா என்று கூறைச்சீலை நிறம் வரை ஒப்புவித்த அதே வாய்.

றிஸ்வி கண்ணாடியில் அவளை ஒருதரம் பார்த்தார். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓட்டினார்.

கிண்ணியாவில் பஸ் அப்போதுதான் போயிருந்தது. சீனன்குடாவில் லொறி ஒன்றை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாகனங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் குடாக்கடல் வெயிலில் மின்னியது. எத்தனையோ வருடம் பார்க்க ஆசைப்பட்ட கடல், அவள் திரும்பியும் பார்க்கவில்லை. போத்தலைத் துவாயில்லாமல் வெறுங்கையால் பொத்திப் பிடித்திருந்தாள், பால் ஆறிவிடக் கூடாது என்று. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று இதுவரை கேட்டது, வாசித்தது, போனில் யாரோ அனுப்பியது எல்லாம் ஒவ்வொன்றாகத் தலைக்குள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரு மண்நிறச் சால்வை இருந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்தில் அந்த பஸ் வெறுமையாக நின்றது. கொண்டக்டர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

"அந்த மனிசி என்னோட பெரிய சண்டை, பஸ்ஸை நிப்பாட்டு எண்டு. பின்னால வாற பஸ்ஸில வந்திடுவீங்கள்தானே எண்டு நான்தான் நிப்பாட்டேல்லை. இஞ்ச இறங்கி உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு பிள்ளையோட ஒரு ஓட்டோவில ஏறிப் போயிட்டா."

யசோதரா நிலத்தில் குந்திவிட்டாள். சேலை, சனம், ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் றிஸ்வியின் போன் அடித்தது. வினோதன்.

"கிடைச்சிட்டான் யசோ! பிள்ளை கிடைச்சிட்டான்! நான் உடனே லக்சனாட தம்பி நிதுசனுக்கு அடிச்சுச் சொன்னனான். மண்டபத்து வாசல்ல வச்சே அவளைப் பிடிச்சிட்டாங்கள். பொலிசுக்கும் சொல்லியாச்சு. ரெண்டு சாத்துச் சாத்தினவங்களாம்."

அவள் அழுதாள், சிரித்தாள், றிஸ்வியை அண்ணனாக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிட்டாங்களாம் நானா, பிடிச்சிட்டாங்களாம்" என்றாள்.

"எங்க வச்சுப் புடிச்சாங்களாம்?"

"மண்டபத்து வாசல்ல."

றிஸ்வி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "கள்ளி புள்ளயத் தூக்கிக்கொண்டு கலியாண வீட்டுக்கா வருவாள், மகள்?"

அப்போதுதான் அவளுக்குத் தலையில் அடித்தது. மண்டபத்தைச் சுஹைராவுக்குச் சொன்னது யார்? போன் செத்துப் பையில் கிடந்தால் அவள் எவருக்கு எடுத்துச் சொல்ல முடியும்? நிலையத்தில் நின்று பார்த்து, வராததால், தாய் எப்படியும் வந்து சேரக்கூடிய ஒரே இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டு போயிருக்கிறாள். யசோதரா ஓட்டோவுக்கு ஓடினாள். "கெதியா விடுங்கோ நானா," என்றாள். பிள்ளைக்காக மட்டுமல்ல என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய பொடியன்கள் நால்வர், காவல் நிற்கிறார்களாம். உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சுஹைரா இருந்தாள். சால்வையைப் பறித்திருந்தார்கள், தலை வெறுமையாக இருந்தது. சால்வை ஊசி இழுபட்டுக் கழுத்தில் நீளமாக ஒரு கீறல், அதில் இரத்தம். ஒரு கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. சால்வை இல்லாத தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். யசோதரா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வசனம் இத்தனை கைகளாக முளைக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

லக்சனாவின் தாய் யோகம்மா யதுர்ஷனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "இந்தா பிள்ளை, உன்ட செல்வம். கடவுள் காப்பாத்தினது."

யசோதரா அவனை வாங்கி முகர்ந்தாள், விரல் விரலாகத் தடவினாள். அவன் வயிறு பறைபோல இருந்தது. உதட்டோரம் பால் காய்ந்திருந்தது. அவள் தன் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். பால் இருந்தபடியே இருந்தது.

"இவன் என்ன குடிச்சவன்?"

சுஹைரா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மூதூரில இருந்து கத்திக்கொண்டே வந்தான். போத்தல் உங்கட கையில. மூச்சடைச்சு நீலம் பாரிச்சுப்போச்சு. நான்தான் குடுத்தன்."

"என்ன குடுத்தனி?" என்றார் யோகம்மா.

"பால். என்ட பால்."

பொடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால், யசோதராவுக்கு அந்தக் கணத்தில் நன்றி வரவில்லை. பொறாமைதான் வந்தது, நெருப்பு மாதிரி. நான்கு மாதத்தோடு தன் பிள்ளை மறந்துபோன ஒன்றை எவளோ ஒருத்தி பஸ்ஸில் வைத்து நினைவுபடுத்திவிட்டாள். அந்த நெருப்பு அடங்கியபிறகுதான் வெட்கம் வந்தது. அது அடங்கவில்லை.

யோகம்மா வெளியே ஓடி ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். "முதல்ல பிள்ளையின்ட வாயைக் கழுவு. கலியாண வீடு இது. கழுவு யசோ!"

யசோதரா செம்பை வாங்கினாள். பால் கொடுத்தால் எப்படித் தண்ணீர் விடாய்க்கும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு மாதமென்றாலும் அவளும் கொடுத்தவள். போய்ச் சுஹைராவின் முன்னால் முழங்காலிட்டுச் செம்பை நீட்டினாள்.

சுஹைரா அவளைப் பார்த்தாள். பிறகு வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தாள்.

"நான்தான் குடுத்தனான்," என்று யசோதரா எழுந்து திரும்பிச் சொன்னாள். "என்ட கையால, என்ட பிள்ளையை நான்தான் இவவிட்டக் குடுத்தனான். இவ தூக்கிக்கொண்டு போகேல்லை. நிதுசன், பொலிசுக்கு எடுத்து அதைச் சொல்லு. அந்தச் சால்வையை ஆர் பறிச்சீங்களோ, கொண்டு வாங்கோ."

சால்வை வந்தது. நிதுசன் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனான். அதே நேரம் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறுகிறது. யோகம்மா "ஐயோ" என்று ஓடினார், பொடியன்கள் ஓடினார்கள். பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சுஹைரா சால்வையைச் சுற்றிக்கொண்டாள். "தூக்கிக்கொண்டு போயிட்டாள் எண்டு சொன்னீங்களா?"

"ஓம்."

"ஏன்?"

யசோதரா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். சுஹைரா அதற்குமேல் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"புள்ளைட முழுப்பேரச் சொல்லுங்க," என்றாள். "ஊரையும் சொல்லுங்க. எங்கட மகள் ரிப்காவுக்கு வளந்தாப்பிறகு சொல்லணும். ஒரு பால் குடிச்சதுகள் சகோதரங்கள், கலியாணம் முடிக்கேலா. அஞ்சு தரம் குடிச்சாத்தான் கணக்கு எண்டு மார்க்கம் படிச்ச ஆலிம்மார் சொல்லுவாங்க. எனக்கு இந்த ஒருதரமே காணும்."

"வினோதன் யதுர்ஷன். மட்டக்களப்பு."

"யதுர்ஷன்." சுஹைரா வாய்க்குள் இன்னொருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளையின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனாள். வாசலில் றிஸ்வி ஓட்டோவின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். யசோதரா பின்னால் ஓடி "ராத்தா" என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையோ, கேட்டும் திரும்பவில்லையோ, தெரியவில்லை.

ஓட்டோ போன தெருவைப் பார்த்தபடி நின்றவளின் தோளை ஒரு கை பிடித்துத் திருப்பியது. கழுத்தில் புதுத்தாலியும் நெற்றியில் வழிந்த குங்குமமுமாக லக்சனா. மாப்பிள்ளையை மேடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்கயடி நிண்டனீ? என்ன நடந்தது? ஆரடி அந்த மனிசி?"

யதுர்ஷன் பசியில்லாத பிள்ளையாக, நிம்மதியாகத் தாயின் தோளில் நித்திரையாகியிருந்தான். யசோதரா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"இவன்ட அக்காட உம்மா," என்றாள்.

யசோதராவுக்கு ஒரே பிள்ளை என்று தெரிந்த லக்சனா வாயைத் திறந்தபடி நின்றாள்.