விழுந்தது வெளியாள் மேல் இல்லை

1

இந்தக் கதை என் தம்பிக்கு வந்த ஒரு போனில் பிறந்தது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் அடங்கவில்லை. எழுத்து தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மேடை அலங்காரம் செய்பவன். 'மலர்களின் நடுவே கம்பீரமாக எழுந்து நின்ற அந்த இரும்பு வளைவு ஒரு—' வேண்டாம், நேராகவே சொல்லிவிடுகிறேன். விழா மண்டபத்தில் வளைவு சரிந்தது. கீழே நின்று பூச்செருகிக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் இனி நடப்பாள்; அதற்கு எங்களிடம் பணம் இல்லை.

2

பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தான். (வேலையில் யாருக்கு அடிபட்டாலும் பணம் வரும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.) ஏஜென்ட் போனில் சொன்னார்:

"சார், உங்க வேலையால வெளியாளுக்கு அடிபட்டா, அவங்களுக்கு நீங்க குடுக்க வேண்டியத கம்பெனி குடுக்கும். இவங்க வெளியாள் இல்லையே."

"என் பொண்டாட்டிங்க!"

"பாலிசியில அவங்களும் முதலாளி சார். முதலாளியே முதலாளிக்கு எப்படி நஷ்டஈடு குடுப்பாரு?"

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன கல்யாண நாளில், "இனிமே நீயும் முதலாளிதான்டி" என்று ஆசை ஆசையாய்ப் பாலிசியில் அவள் பெயரைச் சேர்த்தவன் அவனேதான்.

3

எழுதுகிறவளுக்கு ஒரு வசதி, அடித்துத் திருத்தலாம். பெயரைச் சேர்க்காத தம்பியை எழுதிப் பார்த்தேன். அந்தக் கல்நெஞ்சன் என் தம்பியாகவே இல்லை. ஏஜென்டை வில்லனாக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் விபத்துக் காப்பீடு தனியா எடுத்துக்கங்க" என்று அந்த மனிதர் பெயரைச் சேர்த்த அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

முடிவு. ஆஸ்பத்திரி அறை. விஷயம் எதுவும் தெரியாமல் அவள் எங்களுக்கு ஆறுதல் சொல்கிறாள்.

"நல்லவேளை அண்ணி, வேற யார் மேலயும் விழல. கொஞ்ச நேரம் முன்னாடி கஸ்டமரோட பொண்ணு, சின்னப் புள்ள, அங்கதான் நின்னு வேடிக்கை பாத்துட்டிருந்துச்சு. அது மேல விழுந்திருந்தா?"

விழுந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். இவள் அடிபடாமல் நடந்துகொண்டிருப்பாள். அந்தக் குழந்தை இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நானா இப்படி நினைத்தேன்? தம்பியைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் ரெண்டு பேரும் பேசவே மாட்டேங்கறீங்க?"

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் கேட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.