பல் மருத்துவரின் லென்ஸ்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு பல் மருத்துவரின் அறையில், எனக்குப் பல்வலி இல்லாத ஒரு நாளில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காட்டுயிர்களைப் படமெடுக்க நீளமான ஜூம் லென்ஸ் வேண்டும், ஆனால் கையிருப்புக்குத் தகுந்த..." கடை விளம்பரம் போல இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்து: "அவள் கூச்ச சுபாவம் உள்ளவள்." இதையும் அடித்தேன். அவள் நான்தான். [கூச்சம் என்று எழுதிவிட்டால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அது வேண்டாம்.]

2

விஷயம் இதுதான். ஏரிப் பறவைக் கணக்கெடுப்பில் படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விலங்கியல் படித்து முடித்தபின் வந்த முதல் வேலை. சொந்தமாக அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். என்னிடம் இருப்பது முன்னூறு. அதில் பறவை கடுகாகத் தெரியும். கிட்டே போனால் பறந்துவிடும். நீள லென்ஸ் வாங்குவதே தள்ளி நிற்பதற்குத்தான். புதியது எட்டாக்கனி. பொழுதுபோக்காகப் பறவைகளைப் படமெடுக்கும் பல் மருத்துவர் ஒருவர் தன்னுடையதைப் பாதி விலைக்கு விற்பதாகக் கேள்விப்பட்டேன்.

பேரம் பேச அக்கா கூட வந்தாள்.

"யாருக்கும்மா? தம்பிக்கா?" என்றார் மருத்துவர்.

"ஏன் டாக்டர், இவளுக்குக் கண்ணில்லையா?" என்றாள் அக்கா.

சிரித்தபடி லென்ஸை என் கையில் வைத்தார். மணிக்கட்டு தொய்ந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, பூஞ்சை இல்லை.

"இதுல எடுத்ததுதான்," என்று சிகிச்சை நாற்காலிக்கு எதிர்ச்சுவரைக் காட்டினார். ஒரு கூடு. இறகு முளைக்காத குஞ்சுகள். "எப்படி வாயத் திறந்து சோறு கேக்குது பாருங்க!"

அபாரமான துல்லியம். கூட்டைச் சுற்றிலும் வெட்டுப்பட்ட குச்சிமுனைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

பசித்த குஞ்சு கழுத்தை நிமிர்த்தும். இவை கூட்டின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. நிழல் போய், வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

"இலையை... வெட்டினீங்களா?" கேட்டது நான்தான். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சமா. மூஞ்சி தெரிய வேணாமா?"

"பல்லையே பிடுங்கறவரு, இலைய விடுவாரா!" என்றாள் அக்கா. அவளுக்கு விலை குறைந்தால் சரி.

"குஞ்சுங்க என்னாச்சு?"

"பறந்திருக்கும்மா."

பறந்திருக்குமாம்! தள்ளி நிற்பதற்கென்றே செய்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு கிட்டே போயிருக்கிறார்.

3

இவரைக் கெட்டவராக எழுத முயன்றேன். விரலில் தடித்த மோதிரம் போட்டுவிட்டேன். ஒட்டவில்லை. இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பல் பார்ப்பவர் அவர். "பறவைய நேசிக்கிற பொண்ணு, அதான் இந்த விலை," என்றார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கெட்டவரிடம் எதையும் சொல்லிவிடலாம். இவரிடம் சொன்னால் லென்ஸ் போகும், அதோடு வேலையும் போகும்.

4

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று: அவள் எழுந்து நின்று, "டாக்டர், நீங்கள் சுவரில் மாட்டியிருப்பது ஒரு சாவு" என்கிறாள். நான் பிறந்ததிலிருந்து அப்படிப் பேசியதில்லை. நீக்கம்.

இன்னொன்று: லென்ஸ் வேண்டாமென்று வெளியேறுகிறாள். கைதட்டாதீர்கள். அடுத்து வாங்குபவரும் கத்தரிக்கோல் வைத்திருப்பார்.

அல்லது வாயை மூடிக்கொண்டு வாங்குகிறாள். ஏரியில் ஒழுங்காகத் தள்ளி நிற்கிறாள். சுவரில் அந்தப் படம்... [இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

5

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா விலையை முடித்துவிட்டாள். பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது ஒரு சிறுமி அம்மாவோடு வந்தாள். நாற்காலியில் ஏறி, உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாத கண்ணு. அங்க பாரு, குஞ்சு எப்படித் திறக்குது! அதே மாதிரி, ஆ..."

சிறுமி படத்தையே பார்த்தாள். வாய் திறந்தது, ஆனால் பேசுவதற்கு.

"அதுக்கு உடம்பு சரியில்லையா?"

மருத்துவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. நீதான பறவையப் பத்திப் படிச்ச பொண்ணு."

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

இங்கே என் வரி வரவேண்டும். எழுதிப் பார்த்ததெல்லாம் அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பதிலை நீங்கள் சொல்லுங்கள். கேட்டது குழந்தை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.