கோதுமையில் போன அறைகள்

பிரமநாயகம் கோதுமை சாப்பிட்டால் அவர் வீட்டில் ஓர் அறை போய்விடும். இடிந்து விழாது, சத்தமும் வராது. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் கதவு இருந்த இடத்தில் சுவர் நிற்கும். வெள்ளைகூட அடித்திருக்கும். அறையில் கிடந்த சாமான்கள் மட்டும் நடுக்கூடத்துக்கு வந்து வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.

இந்த உடம்புவாகு அவருக்கு ஐம்பத்தாறாவது வயதில் வந்தது. மாடி அறை போனது பஸ் ஸ்டாண்டு பரோட்டாவில். படிக்கட்டு தங்கிவிட்டது. ஏறினால் எட்டாவது படியில் தலை முட்டும். அவர் மனைவி சண்முகவடிவு அதில் ஊறுகாய்ப் பரணிகளை அடுக்கிக்கொண்டாள். பூஜை அறை, தம்பி மகன் கல்யாணத்தில் தின்ற ஒரு கரண்டி அல்வாவில் போயிற்று. ரவையும் கோதுமைதான் என்று தெரியாமல் மச்சினன் வீட்டில் உப்புமா சாப்பிட்டு வந்தார் பாருங்கள், அன்றையிலிருந்து குளியல் கிணற்றடியில்தான். சோறு விளைகிற அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ விளைகிற கோதுமையைத் தேடித் தேடித் தின்ற மனிதரை என்னவென்று சொல்ல?

சாமுவேல் டாக்டர் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. எத்தனை ரூம் மிச்சம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இனி கோதுமை, மைதா, ரவை, சேமியா நாக்குல படக்கூடாது. என்ன மிச்சம்னு சொன்னிய?"

"பட்டாசல், அடுக்களை, கீழப்புற அறை," என்றாள் வடிவு. பட்டாசல் என்று அந்தப் பக்கத்தில் நடுக்கூடத்தைச் சொல்வார்கள்.

"அதையாவது காப்பாத்துங்க," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார் டாக்டர்.

கீழ்ப்புற அறையைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் காந்திமதிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டியது. சம்பந்தியம்மாள் செண்பகவல்லி கோயில்பட்டியிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை பெத்தவ நாப்பது நாள் கதவைச் சாத்திப் படுக்க ஒரு அறை வேணும் மதினி. இருந்தா உங்க வீடு. இல்லேன்னா நாங்களே பாத்துக்கிடுதோம். ஒம்பதாம் மாசம் நானே கூட்டிட்டு வந்து பாப்பேன்."

தலைப்பிரசவத்துக்கு மகளை வைத்துக்கொள்ள ஓர் அறை இல்லாத தாய்! நினைத்தாலே வடிவுக்கு உடம்பு கூசியது. அன்றே வீட்டிலிருந்த ஆட்டா மாவு, சேமியா, ரொட்டி எல்லாவற்றையும் தெருவைத் தாண்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். கோதுமையை விட்டுவிட்டு என்னத்தைச் சமைப்பாய் என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையில் இட்லி, இல்லாவிட்டால் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மத்தியானம் சோறு, சொதி, ஒரு பொரியல். வெள்ளிக்கிழமை என்றால் கறுப்பு உளுந்து போட்ட சோறும் எள்ளுத் துவையலும். ராத்திரிக்குக் கேப்பை தோசை ஊற்றினால் முடிந்தது. நாவுக்கும் குறைவில்லை, அடுப்படியில் கிடந்து சாகவும் வேண்டாம். பிரமநாயகமும் சப்தம் காட்டாமல் சாப்பிட்டார். வயிறு மட்டும் அவ்வப்போது உப்பியது. அதற்கும் அவள் கைவசம் வைத்தியம் இருந்தது. ரசத்தில் பெருங்காயத்தைக் கூடப் போட்டாள். சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் மோரிலும் கரைத்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. கீழ்ப்புற அறையில் கட்டில் போட்டு, உத்தரத்தில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி வைத்தாள். ஒரு நாள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து பெருக்க முடியவில்லை. நல்ல சாப்பாட்டில் தான் பருத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் கதவு கட்டிலில் இடித்தது. கட்டில் செய்த ஆசாரியைத் திட்டித் தீர்த்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரமநாயகம் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். வடிவு திரும்பிப் பார்த்தபோது கட்டிலும் தொட்டில் கொக்கியும் பட்டாசலில் நின்றன. கீழ்ப்புற அறை இருந்த இடத்தில் சுவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர் வந்ததற்கு இல்லை. கோதுமை வயிற்றுக்குள் போனால் சுவர் வரத்தான் செய்யும். தனக்குத் தெரியாமல் இந்த மனிதர் எங்கே போய்த் தின்றார்? முப்பது வருஷம் ஒரே இலையைப் போட்டு எடுத்த தன்னிடமா பொய்? அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போயித் தின்னிய?"

"சத்தியமா ஒண்ணுந் திங்கலட்டி."

"வாயைத் தொறங்க."

திறந்தார். மோர் வாசம்தான் அடித்தது. அவள் நம்பவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்கே போய் நின்றாள். மாஸ்டர் மாவு வீசுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"அண்ணாச்சி இந்தப் பக்கம் வந்து ஏழு மாசம் ஆச்சு அக்கா. வந்தாலும் நான் போடமாட்டேன். ஒரு வீட்டைக் காலி பண்ணுன பாவம் எனக்கு எதுக்கு?"

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனாள். கீழ்ப்புற அறையும் போய்விட்டது என்றதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இன்னைக்கு என்ன சமைச்சிய? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

சோறு, சொதி, அவரைக்காய்ப் பொரியல், ரசம், மோர் என்று சொன்னாள். அப்பளத்தைப் பற்றிக் கேட்டார். வீட்டில் இட்ட உளுந்து அப்பளம் என்றாள். ரசத்தில் என்னென்ன என்று கேட்டார். புளி, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம்.

"எந்தப் பெருங்காயம்?"

"கட்டிப் பெருங்காயந்தான். கடையில வாங்குனது."

டாக்டர் நர்ஸை அனுப்பி, கடையிலிருந்து அதே பெருங்காயத்தில் ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை அவள் பக்கம் நகர்த்தினார். பொடி எழுத்தில் மூன்றாவதாக மைதா என்று போட்டிருந்தது. சில பெருங்காயத்தில் கோந்தைக் கட்டியாக்க அதைச் சேர்ப்பதுண்டு என்றார்.

வயிற்றுக்கு நல்லது என்று, போதாக்குறைக்கு மோரிலும் கரைத்து, தினம் ஒரு விரல் அகல அறையை வடிவே புருஷன் தொண்டையில் ஊற்றியிருக்கிறாள். வெளியிலே எத்தனை பேரைச் சந்தேகப்பட்டோம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"நான் உன்னை ஒண்ணுஞ் சொல்லலையே," என்றார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமை காலை செண்பகவல்லி காந்திமதியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பட்டாசலில் நாலு பீரோ, மூன்று கட்டில், சாமி படங்கள், ஆட்டுரல், குளியலறைக் கொப்பரை. கால் வைக்க இடமில்லை. செண்பகவல்லி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கீழப்புற அறை எங்க?" என்று கேட்டார்.

வடிவு நடந்ததை மறைக்காமல் சொன்னாள். செண்பகவல்லி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"பெருங்காய டப்பாவைப் படிக்காமலா போட்டிய? என்ன மதினி இது! கேக்கவே எனக்குப் படபடன்னு வருது."

"தப்புத்தான்."

"நாங்க அடுத்த பஸ்ஸுக்கே கெளம்புதோம். ஏ காந்தி, பையை எடு."

வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற மகள் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறாள். இனி எந்தக் கல்யாண வீட்டில் நிமிர்ந்து உட்கார முடியும்? அவள் மகளின் கையைப் பிடித்தாள். பிடித்த கையைக் காந்திமதி விடவில்லை. இறுக்கினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, வலிக்கி."

நாள் இன்னும் பதினெட்டு இருந்தது. வண்டி பிடிக்க நேரமில்லை. பிரமநாயகம் ஓடிப்போய் சாமுவேல் டாக்டரின் நர்ஸைக் கூட்டி வந்தார். இரண்டு பீரோவைத் திருப்பி மறைவு கட்டினார்கள். நர்ஸும் காந்திமதியும் உள்ளே இருந்தார்கள். வடிவு இந்தப் பக்கம் வெந்நீர்ப் பானையுடன் நின்றாள். செண்பகவல்லி பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றார். உச்சிவெயில் ஓட்டில் அடித்தது. ஒரு பெரிய அலறல் கேட்டது. அப்புறம் ஒரு கதவு கீல் கிறீச்சிடுவது போல மெல்லிய சத்தம்.

நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சுகப்பிரசவம். அறை."

"என்ன அளவு?" என்றார் செண்பகவல்லி.

"பத்துக்குப் பன்னெண்டு. குறை ஒண்ணுமில்ல."

ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னல் இருக்கிறதா என்றுதான் வடிவு கேட்டாள். கிழக்கே ஒன்று இருக்கிறது என்றார் நர்ஸ்.

பீரோவை நகர்த்தினார்கள். சுவரில் புதுக் கதவு இருந்தது. நிலை இன்னும் ஈரமாக, இளஞ்சூடாக இருந்தது. காந்திமதி உள்ளே களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். செண்பகவல்லி உள்ளே போய் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார். ஜன்னல் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

"அப்படியே எம் மகன் சாடை," என்றார்.

பிள்ளை பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீரை வடிவு ஒரு சங்கில் கரைத்து எடுத்து வந்தாள். விரலை நனைத்துப் புது அறையின் வாசற்படியில் வைத்தாள். படி அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. நல்ல பசி என்றார் நர்ஸ். செண்பகவல்லி அப்போதுதான் பையைத் தோளிலிருந்து இறக்கி, காந்திமதியின் தலைமாட்டில் வைத்தார்.

"நாப்பது நாளும் இங்கனயே இருக்கட்டும் மதினி."

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரமநாயகம் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்றார்.

"நான் வரலாமா?"

"வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க," என்றாள் வடிவு.

அவர் கொப்புளித்துவிட்டு வருவதற்குள் அறை தூங்கிவிட்டது. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.