ஆரஞ்சு வரிசை

செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த லுக்கியான், ஆரஞ்சு வரிசையில் மூன்று ஆள் முன்னால் நகர்ந்திருந்தார். முதலில் கவனித்தவர் அவருடைய மனைவி ஃபாயினா. காமா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு லெனின்கிராடிலிருந்து ஒரு குழு வந்து குற்றப் படம் எடுத்துவிட்டுப் போயிருந்தது. கிடங்குக் காசாளரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். விசாரணை அதிகாரி ஒருவர் தூங்காத கண்களோடு பனியில் அலைகிறார். அதற்குக் கடை வாசலில் ஒரு வரிசை வேண்டியிருந்தது. வரிசையில் நிற்க எங்களுக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தர வேண்டுமா என்ன? நிஜ ஆரஞ்சுகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி, படமெடுத்து முடிந்ததும் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த லுக்கியான் அந்த வரிசையின் கடைசியில் நின்றார். அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள், கஞ்சியில் உப்பு அதிகம் என்று அவர் சொல்ல, நாளையிலிருந்து நீயே ஆக்கிக்கொள் என்று ஃபாயினா சொல்ல, வேலைக்குப் போனவர் ஆலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவர்களுடைய கடைசிப் பேச்சு அதுதான். ஃபாயினா அதன் பிறகு கஞ்சியே காய்ச்சவில்லை.

படம் எங்கள் ஆலை மன்றத்துக்கு வந்த முதல் நாள் லுக்கியான் கடைசியில்தான் இருந்தார். மறுநாள் நகர்ந்திருந்தார். ஆப்பரேட்டர் ஸாக்கர் சுருளை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிலிம்ல ஒரு கோளாறும் இல்ல. மனுஷன் நகர்றாரு, அவ்ளோதான்" என்றார். பழம் வாங்கியவர்கள் திரையின் வலப்பக்கமாக வெளியேறினார்கள். அந்தப் பக்கம் போனால் எங்கள் குடியிருப்பு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாரக்கடைசிக்குள் லுக்கியான் வீடு வந்து சேர்ந்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். ஃபாயினா தரையைக் கழுவி, அவருடைய கம்பளிக் காலணிகளை வெயிலில் காயவைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மன்றம் தினமும் நிரம்பி வழிந்ததால் மாவட்டத் திரைப்பட அலுவலகமும் சுருள்களை இன்னும் சில நாள் விட்டுவைத்தது. காசாளரைக் கொன்றது யார் என்று எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் கடைக் கவுண்டருக்குப் பக்கத்தில் வந்ததும் லுக்கியான் விட்டுக்கொடுக்கத் தொடங்கினார். ஒருநாள் ஊன்றுகோல் கிழவருக்கு ஒதுங்கினார்; மறுநாள் கைக்குழந்தைக்காரிக்கு; அதற்கு மறுநாள், ஒரு குறையும் இல்லாத தடியன் ஒருவனுக்கு. ஃபாயினாவுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருந்தபோதும் அந்த மனிதர் இப்படித்தான். குளியல் கூடத்தில் விட்டுக்கொடுப்பார், பல்மருத்துவரிடம் விட்டுக்கொடுப்பார், புது வீடு ஒதுக்கும் பட்டியலில் தங்கள் முறை வந்தபோது பிள்ளைகள் நிறைந்த குடும்பத்துக்கு அதையும் விட்டுக்கொடுத்தார். அதனால்தான் ஃபாயினா இந்த வயதிலும் பொதுச் சமையலறையில் அடுப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "யோவ், ஒதுங்காதய்யா" என்று அரங்கத்திலிருந்து கத்துவார். "செத்தும் உனக்குப் புத்தி வரலியா? நாலு எட்டு வச்சா வீடு." பக்கத்து அறை நினெல் அவர் தோளைப் பிடித்து உட்கார வைப்பார். "விடு ஃபாயினா, மனுஷன் சுபாவம் எங்க போகும்?" வரிசைக் காட்சியில் வயலின்கள் ஓங்கி ஒலித்ததால் திரைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குக் கேட்டதில்லை. லுக்கியான் ஒவ்வொருவரிடமும் என்னவோ சொல்லித்தான் ஒதுங்கினார்.

சுருள்கள் கட்டாயம் திரும்பவேண்டிய நாளும் வந்தது. லுக்கியானுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கடைக்காரி தராசைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். லுக்கியான் நகரவில்லை. அப்போது வயலின்கள் தாமாகவே தணிந்தன. பின்னால் நின்ற பெண் எரிந்து விழுந்தது தெளிவாகக் கேட்டது. "என்னய்யா, வேர் விட்டுட்டியா? வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா வழிய விடு."

"எனக்கு முன்னாடி என் சம்சாரம் நிக்கிறா" என்றார் லுக்கியான், வழக்கமான தாழ்ந்த குரலில். "இப்ப வந்துருவா. அவசரம்னா நீங்க முன்னாடி போங்க."

மொத்த அரங்கமும் ஃபாயினாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல. நாந்தான் கூறுகெட்டவ, வாய்க்கு வந்தபடி திட்டினேன்" என்றார். எங்கே கிளம்பிவிட்டாய் என்று நினெல் கையைப் பிடித்தார். "இடம் போட்டு வச்சிருக்காருடி. எத்தன நேரம்தான் வைப்பாரு, சனம் சண்டைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, முன்வரிசைக்காரர்களின் முழங்கால்களைத் தாண்டி மேடைப் படியேறி ஃபாயினா திரைக்குள் போனார். திரையில் பனி பெய்துகொண்டிருந்தது. லுக்கியானுக்கு முன்னால் போய் நின்று, முதல் வேலையாக அவருடைய கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து விசாரணை அதிகாரி வந்து, எதையாவது பார்த்தீர்களா என்று எல்லோரையும் போல அவரையும் கேட்டார். "இல்லிங்க, நான் இப்பத்தான் வந்தேன்" என்றார் ஃபாயினா. சுருள் முடிந்தது.

மறுநாள் படம் மாவட்டத்துக்குப் போனது. ஃபாயினாவின் அறையைக் குடியிருப்புக் குழு சில மாதம் பூட்டி வைத்திருந்து, பிறகு புதிதாகக் கல்யாணமான ஜோடிக்குக் கொடுத்தது. நினெலுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வசந்தத்தில் ஆற்றுப் பனி உடைந்ததும் முதல் படகு ஏறி, அந்தப் படம் ஓடிய அக்கரை ஊருக்குப் போனார். வரிசை இருந்தது, பனி இருந்தது, அவர்கள் இருவரும் இல்லை. அந்த ஊர் ஆப்பரேட்டரிடம் விசாரித்தார்.

"அந்த வயசான ஜோடியா?" என்றார் அவர், அடுத்த சுருளை மாட்டிக்கொண்டே. "அவங்க போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாங்களே. அந்தம்மா ஒண்ண உரிச்சு அவருக்கு ஊட்டிவிட்டுட்டே போனாங்க."