மூலவர், உத்ஸவர், குப்பைத் தொட்டி

சனிக்கிழமை மதியம் இரண்டேகால். நாலு மணிக்கெல்லாம் உறையூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து பிரான்சி வந்துவிடுவாள். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை சரித்திரப் பரீட்சை. அவர்கள் காதால் கேட்டுப் படிப்பதற்காக வேதவதி மூன்று மாதமாகத் தொண்டை வறள வாசித்துப் பதிவு செய்த நாற்பது பாடங்களை வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறாள்.

நாற்பதும் ஸ்ரீரங்கத்து வீட்டின் கூடத்து மூலையில், பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. கம்ப்யூட்டரோ எதைத் திறக்கச் சொன்னாலும் திரையில் ஒரு சின்ன வட்டத்தைப் பிரதட்சிணம் வரவிட்டுச் சும்மா இருந்தது. வேதவதி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். பாலை அடுப்பில் வைத்தாள், அணைத்தாள், மறுபடி வைத்தாள்.

"ப்ராப்ளம் மெமரி," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

அவள் கணவர். ஒரு பெரிய தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். அங்கே அவர் கம்ப்யூட்டரைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தொடுகிறவர்களின் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டவர். காலையிலிருந்து அதே கம்ப்யூட்டரில் அவர் திறந்து வைத்து மூடாமல் விட்ட உபன்யாச வீடியோக்கள் மட்டும் இருபத்திமூன்று. அதை அவர் ப்ராப்ளத்தில் சேர்க்கவில்லை.

"உன் பாடமெல்லாம் இடத்தை அடைச்சிண்டிருக்கு. நெட்வொர்க்ல என் லாப்டாப்புக்கு ஷேர் பண்ணிடறேன், பார்."

எதையோ தட்டினார். லாப்டாப் திரையில் 'பாடம்' என்ற ஃபோல்டர் வந்து நின்றது.

"அதுக்குள்ளயா வந்துடுத்து?" வேதவதி முப்பது வருஷம் கணக்கு டீச்சர். "ஒரு ஃபைலைத் திறக்க அஞ்சு நிமிஷம் எடுத்துக்கறது. நாற்பது பாடத்தை எப்படிப் பத்து செகண்டுல அனுப்பும்?"

"உனக்குப் புரியற மாதிரியே சொல்றேன். பழைய கம்ப்யூட்டர்ல இருக்கறது மூலவர். நகரமாட்டார். லாப்டாப்புல வந்திருக்கறது உத்ஸவர். புறப்பாடு ஆகி வீதிக்கு வந்துட்டார். புரிஞ்சுதா?"

பெருமாளை நடுவில் இழுத்துவிட்டால் அப்புறம் எப்படி மல்லுக்கட்டுவது? அவள் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள்.

பால் பொங்கவில்லை. கூடத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "வேதா, மூலவரை எடுத்தாச்சு. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிண்டிருக்கேன். இனிமே மெமரி தாராளம்!"

வேதவதி அடுப்பை அணைத்தாள். "மூலவரையா எடுத்தேள்?"

"உத்ஸவர்தான் இருக்காரே!"

அவள் ஓடிவந்து லாப்டாப்பில் 'பாடம்' என்பதைத் தட்டினாள். காலி. வெள்ளைத் திரை.

"நீங்க காப்பி பண்ணவே இல்லை. இங்கேர்ந்து அங்கே எட்டிப் பாக்க ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கேள், அவ்வளவுதான். இது உத்ஸவர் இல்லை, கண்ணாடி அறை! பெருமாள் எழுந்துண்டு போயிட்டா கண்ணாடியில யார் தெரிவா?"

ஸ்ரீனிவாசராகவன் லாப்டாப்பை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். அப்போதும் காலிதான்.

பழைய கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. பாராவுக்கு ஒரு துண்டாக அவள் பதிந்து வைத்த ஆயிரத்து இருநூறு துண்டுகளையும் அது ஒவ்வொன்றாக, நிதானமாக அழித்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி அவள் மவுஸை அழுத்தினாள். வட்டம் பிரதட்சிணம் வந்தது. மறுபடி அழுத்தினாள். இன்னொரு பிரதட்சிணம்.

குனிந்து ப்ளக்கைப் பிடித்தாள்.

"ஐயோ, அப்படிப் பிடுங்கக்கூடாது! முறைப்படி ஷட்டௌன்..."

பிடுங்கிவிட்டாள்.

திரும்பப் போட்டபோது, திறந்து கிடந்த உபன்யாசங்கள் எல்லாம் மூடிப்போயிருந்ததால் கம்ப்யூட்டர் குதித்துக்கொண்டு எழுந்தது. "பாத்தியா, என்ன ஸ்பீடு! நான் அப்பவே சொன்னேனே," என்றார் அவர். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டியில் மிச்சம் இருந்த துண்டுகளை மீட்டு, பாடம் பாடமாகச் சேர்த்து எண்ணி முடிக்க மூன்றே முக்கால் ஆகிவிட்டது. முப்பத்தியொரு பாடம். முதல் ஒன்பது போய்விட்டது. பாழாய்ப்போன கம்ப்யூட்டர் இத்தனை மெதுவாக இல்லாவிட்டால் நாற்பதும் போயிருக்கும்.

பிரான்சி நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து, நடந்ததைக் கேட்டு, பையை இறக்கி வைத்தாள். "ஒன்பதுதானே மிஸ்? நான் உக்காந்திருக்கேன். ஏழே முக்கால் பஸ்ல போயிக்கிறேன்."

"ஒரு பாடம் இருபது நிமிஷம். மூணு மணி நேரம். வாசிச்சுடலாம்," என்று கணக்குப் போட்டுவிட்டு வேதவதி ஃபேனை நிறுத்தினாள். மைக்கை எடுத்துக்கொண்டாள். "முதல் பாடம். சங்க காலம்..."

"இதுல என்ன ஆச்சுன்னா பிரான்சி," என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

வேதவதி அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "முதல் பாடம். சங்க..."

"அடிப்படையில பார்த்தா மெமரிங்கறது..."

"சார்," என்றாள் பிரான்சி ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் வாசல்ல இருக்கீங்களா? பிள்ளைங்க பரீட்சையில உங்களையும் சேர்த்து எழுதிடுவாங்க."

அவர் வெளியே போனார். மூன்றாவது தடவையாக வேதவதி மைக்கை எடுத்தபோது, தெருவில் யாரையோ நிறுத்தி வைத்து அவர் சொல்வது கணீரென்று கேட்டது: "இப்போ மூலவர்னு வெச்சுக்கோங்கோ..."

அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். மணி நாலு இருபது. முதல் பாடம், மறுபடி முதலிலிருந்து.