முதலாளி தலையில் ஒரு வெள்ளைக் கோடு

நான்கு மைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் அச்சு இயந்திரத்தில் காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு பல்லை இளிக்கும். அந்தக் கோட்டை ஒழிக்க ஒரு பெண் பொறியாளர் இரண்டு வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். படத்தில் விளிம்பைக் கண்டுபிடித்து, ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்குள் கொஞ்சம் பரப்பிவிடுவது அதன் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முதலாளி ஒப்புக்கொள்ளாவிட்டால் மென்பொருளோடு அவளையும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

முதலாளி சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். சோதனைக்கு எந்தப் படத்தை அச்சிடுவது என்ற கேள்வியே அங்கே எழுந்ததில்லை. அவர் படம்தான். பின்னால் சிவப்புத் திரை, முன்னால் உலகத்தையே மன்னித்துவிட்ட சிரிப்போடு அவர்.

புதன்கிழமை வந்த அச்சைப் பார்த்து அவர் அசந்துபோனார். வீட்டில் காட்ட ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டார். அவளோ அச்சில் இருந்த தலையை உற்றுப் பார்த்தாள். அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை. வெள்ளை என்பது மை இல்லை, வெறும் காகிதம் என்று மென்பொருளுக்குச் சொல்ல அவள் மறந்திருந்தாள். அது பாட்டுக்கு ஒவ்வொரு நரையையும் இரண்டு பக்கமிருந்தும் கறுப்பைப் பரப்பி மூடிவிட்டது.

"அவருக்குப் பிடிச்சிருக்குல்ல மேடம், வாயைத் திறக்காதீங்க" என்றார் இயந்திரம் ஓட்டுபவர். நல்ல புத்திமதிதான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டே நாளில் பிழையைத் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை புது அச்சின் மேல் லென்ஸ் ஊர்ந்தது. திரை, தோள், காலர் எல்லாம் தாண்டி உச்சந்தலைக்கு வந்து நின்றது.

"கோடு திரும்ப வந்துடுச்சே."

"அது கோடு இல்ல சார். உங்க நரை."

அறையில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று தரையைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. புதன்கிழமை செய்ததுதான் சரி, அதையே எல்லா இயந்திரத்திலும் ஏற்றுங்கள் என்று அவர் முடித்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதே புதன்கிழமை மென்பொருளில் அச்சிட்ட ஒரு மருந்து லேபிளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அடியில் ஒரு கறுப்புப் பட்டை. குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் அது.

"கீழே என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார்."

அவர் லென்ஸை வைத்துப் பட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு கோடுகூட இல்லியேம்மா" என்று சொல்லி, ஒப்புதல் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் வேலை தப்பித்தது.