தேன் தீர்ந்துவிட்டது

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. நாளை பத்து மணிக்குள் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் மேலாளர். ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரை நன்றாகவே வந்தது.

2

கேளிக்கைப் பூங்காவில் நான் குதிரை ராட்டினம் ஓட்டுகிறேன். வருகிறவர்கள் மிரளக் கூடாது என்று எங்களுக்குள் தனிப்பேச்சு உண்டு. யாராவது வாந்தி எடுத்தால் “பூ விழுந்துடுச்சு.” கரடி உடுப்புக்குள் இருப்பவருக்கு முடியவில்லை என்றால் “தேன் தீந்துடுச்சு.” கரடி வாய் திறக்கக் கூடாது, இரண்டு கைகளையும் தலையில் வைக்கும். பார்ப்பவர் வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். கரடிக்குள் ஆள் இருப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது.

(பட்டியல் எனக்கு மனப்பாடம். வேதியியல் படித்தவள், தனிம அட்டவணையைவிட இது சின்னது.)

3

நேற்று மதியம் கரடி தலையில் கை வைத்தது. அதுதான் ஆட்டம் என்று சுற்றி நின்ற பிள்ளைகளும் தலையில் கை வைத்தார்கள். அவள் துணிச்சலாகப் பாய்ந்து…

இல்லை. அந்த ‘அவள்’ நான்தான். எனக்குப் பாயத் தெரியாது. வாக்கி டாக்கியை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பட்டியல் மொத்தமும் மறந்துபோயிற்று. கரடி மண்டியிட்டது. என் கைக்கு அகப்பட்டது ராட்டினத்தின் மைக்.

“கரடிக்குள்ள ஒரு அக்கா இருக்காங்க. அவங்களுக்கு மயக்கம் வருது. கொஞ்சம் வழி விடுங்க.”

பூங்கா முழுக்கக் கேட்டது.

4

கரடியின் தலையைக் கழற்றினோம். ஒரு சிறுமி கிட்டே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“உள்ள நெஜமாவே அக்காவா?”

“ஆமாம்மா.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “அப்போ இதக் குடுங்க. பாதிதான் இருக்கு.”

5

முடிவு ஒன்று: எனக்கு வேலை போகிறது.

முடிவு இரண்டு: மேலாளர் கண்கலங்கி… (நம்பும்படி இல்லை. அவரை நான் பார்த்திருக்கிறேன்.)

சற்றுமுன் கரடிக்குள் இருந்த அக்கா போனில் கேட்டாள்: “எழுதிட்டியாடி?”

“ஐயா வரைக்கும் எழுதியிருக்கேன்.”

“ஊருக்கே மைக்ல சொன்னவ, ஒரு ஆள்கிட்ட சொல்ல இவ்ளோ யோசிக்கறியே. நாளைக்கு நானும் வரேன். தலையைக் கழட்டி வச்சிட்டுத்தான்.”

6

ஆகவே கடிதத்துக்குப் பதிலாக இதையே தருகிறேன். இதை முதலில் படிக்கப்போகிறவர் நீங்கள்தான், ஐயா. ஐந்தாம் பகுதியில் இருக்கும் அடைப்புக்குறியை மன்னிக்கவும். பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: ‘மறந்துபோனால், நேராகச் சொல்லிவிடலாம்.’

முடிவை நான் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனாவும் கொண்டுவருவேன்.